அத்தையின் பாதி முகம்

போன வாரம் பாளையம்பட்டியில் ஒரு வளைகாப்பு. பெண்ணின் கை வீங்கிப்போய் வளையல் ஏறவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தலை வலிக்குதா?" என்று கேட்டேன்.

"ஆமா பாட்டி... கொஞ்ச நாளாவே."

அவள் அம்மாவைத் தனியே அழைத்து, இன்றைக்கே பிரஷர் பார்க்கச் சொன்னேன். முறைத்தார். நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசுகிறேனாம்! பிள்ளைத்தாய்ச்சிக்கு எது வந்தாலும் 'இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்' என்று சொல்ல நமக்கு எவ்வளவு ஆசை!

உங்களிடமாவது காரணத்தைச் சொல்கிறேன்.

அறுபதுகளில் திருச்சுழியில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். எனக்கு ஒன்பதாம் மாதம். கணவர் கடைக்குச் சரக்கெடுக்க மதுரை போயிருந்தார். உச்சி வெயில். அத்தை — என் மாமியார் — முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னிடம் ஏதோ கேட்டார். பார்த்தேன்.

அவர் முகத்தில் பாதியைக் காணோம்!

ஒரு கண், அரை வாய்... மிச்சம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு மினுக்கல். அந்த அரை வாய் பேசிக்கொண்டிருந்தது.

"அத்தை... உங்க முகம் எங்க?"

அவர் கையிலிருந்த முறம் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள்.

"மத்தியானத்துல கம்மாக்கரைப் பக்கம் போனாளா? காத்து கருப்புத்தான். கோடாங்கியக் கூப்பிடுங்க."

அத்தையும் பேயை நம்புகிறவர்தான். ஆனால், குனிந்து என் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"பேயா இருந்தா நாளைக்கு ஓட்டிக்கிறலாம். இப்பப் பஸ்ஸ நிப்பாட்டுங்க!"

அவரே போய் நடுரோட்டில் நின்றாராம். பஸ்ஸில் ஏறியது நினைவிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கருவேல மரங்கள் — எல்லாம் பாதிப் பாதியாக. பிறகு... ஒன்றுமில்லை. இருட்டுகூட இல்லை.

விழித்தபோது அருப்புக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில். நாக்கெல்லாம் புண். பஸ்ஸிலேயே வலிப்பு வந்து நானே கடித்துக்கொண்டதாம்.

"ரத்தக் கொதிப்பும்மா. அதுலதான் பார்வையும் பாதி மறைஞ்சிருக்கு. இன்னுங் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா.

அத்தை ஒரு துணிச் சுருளை என் பக்கத்தில் கிடத்தினார். உள்ளே ஒரு குழந்தை.

"யாரு பிள்ளை அத்தை?"

"ஒம் மகதான். நீ பெத்து ரெண்டு நாளாச்சு."

"நானா?"

"கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான கெடந்த. எங்கிட்டப் பேசக்கூடச் செஞ்சியே..."

"என்ன பேசுனேன்?"

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாகும்வரை சொல்லவில்லை. நானும் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டேன்.

என் மகள் பிறந்தபோது எல்லாரும் அங்கே இருந்தார்கள் — என்னைத் தவிர!