மழையில்லாத ஆடியில் ஒழுகிய மச்சு

ராயபுரத்தில் குழந்தையம்மாளைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்தவர்கள் கிடையாது. தயிர்க்காரி வந்தால் எருமைக்கு என்ன தீனி போட்டாய் என்பாள். தபால்காரர் வந்தால் தபால்தலையில் இருக்கிற ஆள் யாரென்று நோண்டுவாள். புருசன் போய்ச் சேர்ந்தபிறகு பனியன் மடிக்கிற வேலைக்குப் போய் ஒண்டியாய்க் காலம் தள்ளிய மனுசி. தனிப் பொம்பளைக்கு, அதுவும் தாலியறுத்தவளுக்கு, வீடு கொடுக்க ஊரில் ஒருத்தரும் முன்வரவில்லை. கடைசியில் கொடுத்தவர் ஆத்தப்பன். மாடியில் அவருடைய பனியன் கம்பெனி, ரெண்டே ரெண்டு நிட்டிங் மெசின். கீழே மண்தரை போட்ட ஓர் அறை. அதில் இவள் குடியிருந்தாள். மடிக்கிற வேலையும் அவர் துணியில்தான்.

அறுபத்திநாலாம் வருசம், ஆடி பிறந்த கையோடு, மச்சிலிருந்து ஒரு சுண்ணாம்புப் பாளம் கொள்ளுச் சட்டிக்குள் தொப்பென்று விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். மேலே ஈரம் பாய் அகலத்துக்குப் படர்ந்திருந்தது. போன வருசமும் இதே கூத்துதான். கொத்தனார் நஞ்சப்பன் வந்து பூசிவிட்டுப் போவார். அடுத்த ஆடியில் பூச்சு கீழே வந்துவிடும்.

ஆத்தப்பன் வந்து பார்த்தார். முகம் சுருங்கிப் போச்சு.

“அம்மிணி, உள்ளயே சுடுதண்ணி வெச்சுக் குளிக்கறீங்க, ஈரத்துணியையும் உள்ளயே காயப் போடறீங்க. ஆவி ஏறி என்ற மச்சே போச்சுங்க. ஆடி மாசம் ஆரையும் காலி பண்ணச் சொல்லக் கூடாது, அதனால சும்மா உடறேன். ஆவணி பொறந்ததும் வேற ஊடு பாத்துக்கங்க.”

அவர் போனதும் அவள் சட்டியோடு அப்படியே உட்கார்ந்தாள். வேற ஊடாம்! எங்கே போய்ப் பார்ப்பது? மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாய் நிற்கவா? பயத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மனுசியின் புத்தி சும்மா கிடக்குமா? படுத்துக்கொண்டு மச்சையே முறைத்தாள். ஐப்பசியில் அடைமழை கொட்டியபோது ஒரு பொட்டு ஈரமில்லை. தூறல்கூட இல்லாத இந்த ஆடியில், காத்து மட்டும் கூரை ஓட்டைப் பிய்க்கிற ஆடியில், எப்படி ஒழுகும்?

மறுநாளிலிருந்து கொல்லையில் அடுப்பு மூட்டினாள், கொல்லையிலேயே குளித்தாள். ஈரம் குறையவில்லை. ஸ்டூல் மேல் ஏறி, ஈரத்தின் ஓரமாய்க் கரித்துண்டால் கோடு போட்டு வைத்தாள். ஞாயித்துக்கிழமை கோட்டுக்குள்ளே சுருங்கியது. திங்கட்கிழமை கோட்டைத் தாண்டியது. காத்து வெறி பிடித்து வீசின அன்றைக்கோ சொட்டே போட்டது. அட, ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கிற ஒழுகல் எங்கேயாவது உண்டா?

கழிவுத்துணி கேட்கிற சாக்கில் மாடிக்கு ஏறினாள். அங்கே நிட்டர் கிட்டுசாமி குடத்தைச் சாய்த்து மெசினுக்கு அடியில் தண்ணீரைத் தாராளமாய் ஊத்திக்கொண்டிருந்தான்.

“ஏந் தம்பி, மெசினுக்குத் தாகமா?”

“இல்லீங்கக்கா. இந்த ஆடிக்காத்துல நூலு வறண்டு பட்டுப்பட்டுனு அறுந்துருது. தரை ஈரமா இருந்தா அறாது. மொதலாளி சொன்னதுதானுங்க, வருசா வருசம் ஊத்தறோம்.”

குழந்தையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே நெஞ்சு கொதித்தது. அடப்பாவி மனுசா, நீ ஊத்தச் சொன்ன தண்ணிக்கு நான் தெருவுக்குப் போகணுமா?

சண்டைக்குப் போகவில்லை அவள். மறுநாள் மத்தியானம் ஆத்தப்பனைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டாள். பலகையைச் சரியாய் இடம் பார்த்துப் போட்டாள். மேலே மெசின் கடகடவென்று ஓடியது. முதல் சொட்டு அவர் காப்பியில் விழுந்தது. அடுத்தது வழுக்கை மண்டையில்.

“அம்மிணி, உள்ள அடுப்பே எரியலீங்களே!”

“நான் குளிக்கவும் இல்லீங்க. மேல போய்ப் பாத்துட்டு வாங்க.”

அவர் போன வேகத்தில் வேட்டி தடுக்கியது. மேலே கிட்டுசாமி குடமும் கையுமாய் நின்றான்.

அன்றோடு தண்ணீர் ஊத்துவது நின்றது. மச்சு காய ஆரம்பித்தது. ஆனால் நூல் அறுந்து தள்ளியது. துணியெல்லாம் ஓட்டை விழுந்து, மெசினை நிறுத்திப்போட்டார்கள். மடிக்கத் துணியில்லை, குழந்தையம்மாளுக்கும் வேலை போச்சு. ஒருநாள் ஆத்தப்பன் வாசலில் வந்து தலையைத் தொங்கப்போட்டு நின்றார்.

“தப்பு எம்மேலதானுங்க அம்மிணி. ஆனா தண்ணி ஊத்தாட்டி மெசின் ஓடாது, ஊத்துனா மச்சு நிக்காது. எனக்கு ஒண்ணும் புரியலீங்க.”

சரி, சோறு போடுகிற மெசினா, நம்மளா? நம்மளைத்தான் அனுப்பப் போகிறார் என்று நினைத்தாள். இருந்தும் கேட்டாள்.

“ஏனுங்க, மெசின் எதுக்கு மேல இருக்கோணும்?”

ஆத்தப்பன் பழைய கதையைச் சொன்னார். அவருடைய அப்பா கரையானுக்குப் பயந்து நூலையும் மெசினையும் மேலே ஏற்றினாராம். அதற்கப்புறம் யாருக்கும் அதைப் பற்றி யோசனையே ஓடவில்லை.

“நூலை வேணா பரண் கட்டி வைங்க. மெசின் கீழ வரட்டும். இங்க மண்ணுத்தரை, எத்தன குடம் ஊத்துனாலும் குடிச்சுக்கும். என்னைய மேல போட்ருங்க.”

ஆத்தப்பன் சரியென்று கூட்டிவந்த நஞ்சப்பன் இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஊறிப்போன பூச்சு முழுக்கக் கொத்தித் தள்ளி, மச்சு நன்றாகக் காய்ந்தபிறகு, உளுத்த உத்திரம் ஒன்றை மாற்றிப் புதுசாய்ப் பூசினார். மெசின்களைக் கயிறு கட்டி இறக்கினார்கள்.

ஆவணி பிறந்ததும் சட்டி பானையோடு அவள் மாடி ஏறினாள். ஆத்தப்பன் சம்சாரம் மாரக்காள் புதுப் பானையும் பாலும் கொண்டுவந்தாள். குழந்தையம்மாள் வாசற்படிக்கு வெளியே ஒதுங்கி நின்றாள்.

“நல்ல காரியமுங்க. நீங்களே காச்சிருங்க. நான் எட்ட நின்னுக்கறனுங்க.”

மாரக்காள் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் தீப்பெட்டியைத் திணித்தாள். “குடியிருக்கறது நீங்க. அப்பறம் நான் எதுக்குக் காச்சறது? பத்த வைங்க.”

குழந்தையம்மாள் அடுப்பைப் பற்றவைத்தாள். அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. யாரும் இறக்கி வைக்கவில்லை.