மூன்று சீட்டும் ஒரு நூலும்

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லோர் கண்ணும் சீட்டின் மேல்தான். கால் கடுக்க அந்த வரிசையில் நின்ற உங்களுக்குத் தெரியாததா? பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு புதுச்சேரியில் அந்த வேலையில் சேர்ந்தேன்.

மூன்று சீட்டு

முதலியார்பேட்டை கோவிந்தசாமி, மில்லில் நெசவு பார்த்து ஓய்ந்தவர். திங்களன்று முதுகுவலி என்றார், புதனன்று பசி இல்லை என்றார், வெள்ளியன்று தூக்கமே வரவில்லை என்றார். மூன்று டாக்டர்கள், மூன்று மருந்து. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. மூன்று சீட்டையும் எழுதியவன் நான் ஒருவன்தான்.

"வீட்ல யார் இருக்காங்க?" என்றேன். "பொண்டாட்டி போயி நாலு மாசம் ஆவுது. அடுத்த வாரம் எனக்குச் சீட்டு வேணாம் தம்பி" என்றார். அது குணமானவர் பேச்சாக எனக்குப் படவில்லை. மூன்று சீட்டையும் நூலால் கோத்து, அவரைக் கையோடு மனநோய் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் சுற்றி வளைக்காமல், "சாவணும்னு தோணுதா?" என்றார். கிழவர் குலுங்கி அழுதார். அழுது முடித்துச் சொன்னார்: "கேட்டா சொல்லியிருப்பேனே, யாரும் கேக்கலியே."

தலைமை குமாஸ்தா

"சீட்டு எழுதறவன் டாக்டர் வேலை பாக்கறியா?" என்று தலைமை குமாஸ்தா எல்லார் முன்னாலும் கத்தினார். மனநோய் டாக்டர் விடவில்லை. சனிக்கிழமைதோறும் காலையில் அந்த மூன்று டாக்டர்களையும் வார்டு சிஸ்டரையும் ஒன்றாக உட்கார வைத்தார். தனியாக வரும் வயதானவர்களின் பெயர்களை நான் ஒரு நோட்டில் எழுதிவைத்து அங்கே படித்துக் காட்டுவேன்.

அப்படியும் ஒருவரை இழந்தோம். சொன்ன தேதிக்கு அவர் வராததை நான்கூட கவனிக்கவில்லை. அதிலிருந்துதான், வராதவர்களை வீடு தேடிப் போனோம். ஒரு நாள் தலைமை குமாஸ்தா என் மேஜையருகே வந்து குரலைத் தாழ்த்தினார்: "எங்க அண்ணன் பேரையும் அந்த நோட்டுல எழுதிக்கப்பா."

வியாழக்கிழமை

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த ஒருவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா, உயிரை விடப் பார்த்து, பிழைத்து வார்டில் கிடந்தார். காயம் ஆறிவிட்டது, அனுப்பலாம் என்றார்கள். சிஸ்டர் அனுப்பாமல் எனக்கு ஆள் விட்டார். மனநோய் டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டேன். "நான் என்ன பைத்தியமா?" என்று சொல்தா படுக்கையை விட்டு நகரவில்லை. மனநோய் டாக்டரே வந்து கட்டில் ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். இனி அவரைத் தனியே விடக்கூடாது என்று அக்காள் மகனை வரவழைத்துச் சொல்லி, மறுபடி வரவேண்டிய தேதியும் குறித்த பிறகே வீட்டுக்கு அனுப்பினோம்.

அதன்பின் வியாழன்தோறும் வேலை முடிந்து நான் சைக்கிளில் போய், பிரெஞ்சு மரியாதைப்படி 'மிசே' என்று கூப்பிட்டுப் பேசிவிட்டு வருவேன். ஒரு வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. மறுநாள் நடுங்கிக்கொண்டே வேலைக்கு வந்தால், இஸ்திரி போட்ட கால்சட்டையோடு வரிசையில் முதல் ஆளாக அவர் நிற்கிறார். பயந்துபோய், "என்ன மிசே, உடம்புக்கு என்ன?" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்ல. நேத்து நீ வரலியே, உனக்கு என்ன ஆச்சோன்னு பாக்க வந்தேன்."

பதவி உயர்வு என்று ஒன்றும் வரவில்லை, ஆனாலும் பெரிய கடைத்தெருவில் என்னைக் கண்டதும் "இன்னும் இருக்கேன்பா!" என்று கையைத் தூக்கிக் காட்டும் கிழவர்கள் எனக்கு இருக்கிற அளவுக்கு, எங்கள் ஆஸ்பத்திரியின் எந்தப் பெரிய டாக்டருக்கும் கிடையாது.