துடைத்துத் தந்த பலகைகள்

கோயம்புத்தூருக்கு வந்து ஐந்து மாதமாகிறது. யாராவது துடைத்துவிடாத நாற்காலியில் நான் உட்கார்ந்தது ஒரே ஒரு முறைதான். வங்கிக்குப் போனால் காவலாளி தன் துண்டால் இரண்டு தட்டு தட்டி, "உக்காருங்க அம்மணி" என்கிறார். காந்திபுரத்தில் கைபேசிக்கு உறை வாங்கினால், கடைக்காரர் அந்தப் புத்தம்புது உறையைத் தன் சட்டையில் தேய்த்துவிட்டுத்தான் நீட்டுகிறார். பினாங்கில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நம் கோப்பிக் கடையில் மேசை ஈரமாக இருந்தால் நாமே டிஷ்யூவை உருவித் துடைத்துக்கொண்டு உட்காருவோம். யார்மீதும் வருத்தம் கிடையாது. இங்கே முதல் வாரம் எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் வினையாகப் போயிற்று.

நான் இங்கே வந்தது எல்இடி திரை செய்யும் தொழிற்சாலைக்கு, இங்குள்ளவர்களுக்கு வேலை பழக்க. துணிக்கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் சுவர் முழுக்க மின்னுகிற திரை ஒரே கண்ணாடி அல்ல. ஒரு சாண் அகலப் பலகைகளை, தரைக்கு ஓடு பதிப்பதுபோல் பக்கம் பக்கமாகப் பதித்ததுதான். ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் தங்க முலாம் பூசிய பொட்டுகள் வரிசையாக இருக்கும். பக்கத்துப் பலகையின் ஸ்பிரிங் ஊசிகள் அவற்றில் வந்து அழுந்தும். மின்சாரம் அப்படித்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. ஒரு பொட்டு சரியாகத் தொடாவிட்டால் அதற்கு அப்பால் உள்ள பலகைகள் எல்லாம் இருட்டு.

எங்கள் சோதனைச் சுவரில் தினமும் எங்காவது இருட்டு. நான் தனியாக உட்கார்ந்து செய்த பலகைகள் ஒழுங்காக எரிந்தன. இங்குள்ள பன்னிரண்டு பெண்கள் செய்தவை நாலைந்து நாளில் கண் சிமிட்டி அணைந்தன. அவற்றிலும் என் கையில் நேராகத் தந்தவைதான் முதலில் போயின. ஊசியை மாற்றினேன், அழுத்தத்தைக் கூட்டினேன், பற்றவைத்த சாலிடரைக் குறை சொன்னேன். கடைசியில் என் கைராசியையே சந்தேகிக்க ஆரம்பித்தேன்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு துணிக்கடை முதலாளி சுவரைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்றும் இருட்டடித்தால் இங்கே பலகை செய்வதை நிறுத்திவிட்டு, பினாங்கிலிருந்தே வரவழைக்கப் போவதாக எங்கள் முதலாளி சொல்லிவிட்டார். பன்னிரண்டு பேருக்கும் வேலை போகும். நான் ஊர் திரும்பலாம். உண்மையைச் சொல்கிறேன், ஊர் திரும்பும் ஆசை எனக்கு நிறையவே இருந்தது. ஆனால் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விமானம் ஏற மனசு ஒப்பவில்லை.

பினாங்கில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு பலகையைக் கீழே போட்டுவிட்டு அழும் நிலையில் நின்றேன். மேற்பார்வையாளர் லிம், தவறை எழுதி மாட்டுகிற ஒரு சிவப்பு அட்டையை நீட்டினார். எழுது, மாட்டு, அடுத்ததை எடு. அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அதே அட்டைகளை இங்கேயும் கொண்டுவந்து தொங்கவிட்டேன். ஒரு மாதமாகியும் ஒருவரும் தொடவில்லை. பெண்களுக்குத் தலைவியாக இருந்த சரஸ்வதியிடம் காரணம் கேட்டேன்.

"நீங்க சொல்லிக் குடுத்ததைக் குத்தஞ் சொல்ற மாதிரி ஆயிருமுங்களே மேடம். உங்க மனசு சங்கடப்படுமுங்க" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். எல்லாரையும் நிற்கவைத்து, "யார் தப்பு செய்றது?" என்று கத்தினேன். "தெரியலீங்க" என்று பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அவ்வளவு கத்தியும், அந்த ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி என்னை அன்னூரில் இருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். போனதும் நாற்காலியை உள்ளங்கையால் துடைத்தாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்தாள். கழுவிய டம்ளர்தான். ஆனாலும் நீட்டுவதற்குமுன் அதன் விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றி ஒரு துடை துடைத்தாள்.

"அலாமாக்!" என்று நம் ஊர்ப் பாணியில் கூவித் துள்ளி எழுந்தேன். "சரஸ்வதி, பலகையையும் இப்படித் தொடச்சுத்தான் கொடுப்பீங்களா?"

"பின்னே? தொடைக்காம எப்படீங்க குடுக்கறது?"

"கையுறை போட்டுத்தானே?"

"கையுறையில பசையும் தூசியும் அப்பிக் கெடக்குமுங்க மேடம். அந்தக் கையோட குடுத்தா மரியாதையா இருக்குமுங்களா? அதைக் கழட்டிப்போட்டு, வெறுங்கையில அந்தத் தங்கப் பொட்டுகளை நல்லாத் தொடச்சுத்தான் குடுப்பமுங்க. நீங்க வந்து நின்னீங்கன்னா ரெண்டு தடவ."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. விரல் வியர்வையின் உப்பும் எண்ணெயும் பொட்டில் படிந்து நாலு நாளில் தொடர்பைக் கெடுத்துவிடும் என்று விளக்கியதும் அவள் முகம் வாடிவிட்டது. "அய்யோ, இத்தன நாளா நாங்களேதான் கெடுத்துப்போட்டமுங்களா?" என்றாள். கெடுத்ததில் எனக்கும் பாதிப் பங்கு. தப்பு செய்தது யார் என்று கேட்டேனே தவிர, என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

துடைக்காதே என்று சொல்லிப் பயனில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அதனால் துடைப்பதையே வேலையின் கடைசிப் படியாக ஆக்கினேன். புதுக் கையுறை, நூல் பிரியாத துணி, ஸ்பிரிட்டில் நனைத்து ஒரே இழுப்பு, பிறகு பலகை நேராகத் தட்டுக்கு. சரஸ்வதி கரும்பலகையில் அதற்கு 'மரியாதை' என்று பெயர் எழுதினாள். பினாங்குக்கு அனுப்பிய அறிக்கையிலும் அப்படியே எழுதிவிட்டேன். இது என்ன ரசாயனம் என்று லிம் கேட்டார். விளக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. சரஸ்வதி துடைத்த நாற்காலியில் துணிக்கடை முதலாளி உட்கார்ந்தார். மூலைக்கு மூலை ஒரு பட்டுப்புடவை விரிந்தது. ஒரு பலகைகூடச் சிமிட்டவில்லை. அவர் எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்க நீட்டிய கையை, பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் "தொடாதீங்க!" என்று தடுத்தார்கள். பன்னிரண்டு பேரின் வேலையும் தப்பியது.

அதற்கு அடுத்த ஞாயிறும் அன்னூர் போனேன். "உக்காருங்க மேடம், ரசம் பொங்குதுங்க" என்று கத்திக்கொண்டே சரஸ்வதி அடுப்படிக்கு ஓடிவிட்டாள். நாற்காலியைத் துடைக்கவில்லை. கிளம்பும்போது பார்த்தால் என் வெள்ளைச் சுடிதாரின் பின்பக்கமெல்லாம் தூசி. இந்த ஊரில் எனக்குக் கிடைத்த பரிசுகளில் அதுதான் பெரிது என்று நினைத்துக்கொண்டே பேருந்தில் வந்தேன்.

போன வாரம் விடுப்பில் பினாங்கு வந்தேன். சாப்பாட்டு மேசையில் என் வழக்கமான நாற்காலியை இழுத்தேன். அம்மா ஈரத்துணியோடு ஓடிவந்து அதைத் துடைத்தார். எனக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, நான் என்ன விருந்தாளியா?"

"இல்ல லா. நீ போனதுல இருந்து இதுல யாரும் உக்காரல. தூசியா இருக்கு" என்றார் அம்மா.

உட்கார்ந்தேன். நாற்காலி சில்லென்று இருந்தது.