கோப்பைக்கு வேண்டியவள், வகுப்புக்கு வேண்டாதவள்

என் தங்கை அருக்காணியின் மகள் வள்ளிக்கு இடது முட்டி சரியாக மடங்காது. டெல்லி மலை மந்திர் முருகன் கோயில் படிகளில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறுகிறாள். முப்பது வயது ஆகவில்லை. பார்க்கிறவர்கள் கீழே விழுந்தாளா என்று கேட்கிறார்கள். ஒரு கல்லூரி அவளைப் படிக்க வைப்பதாகச் சொல்லிக் கூட்டிப்போய்ச் செய்த வேலை இது. நான் ஆறாவதோடு நின்றவன், அமைச்சகத்தில் கார் ஓட்டுகிறவன். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

வள்ளி பிறந்தது வளர்ந்தது கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில். அப்பா பாலசுப்ரமணியம் அரசு அலுவலக பியூன். குவார்ட்டர்ஸ் நடுவில் இருந்த பார்க்கில் ஜாட் வீட்டுப் பெண்களோடு கபடி ஆடிப் பழகினாள். 'மதராசன்', மதராஸ்காரி, என்று கிண்டல் செய்தவர்களே பிறகு அவளைத் தங்கள் பக்கம் இழுக்கச் சண்டை போட்டார்கள். எதிரணிக்குள் பாடிப் போனால் காலைப் பிடித்த ஆளையும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொடுவாள்.

97-இல் பன்னிரண்டாவது முடித்தாள். ஐம்பத்தேழு சதவீதம். பி.காம் படித்து எங்காவது கணக்குப் பிரிவில் உட்கார வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஆசை. அந்த மார்க்குக்கு பி.காம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. அப்போதுதான் சௌத்ரி வந்தார். ஒரு பெண்கள் கல்லூரியின் கபடி கோச். பள்ளிப் போட்டியில் வள்ளியைப் பார்த்தவர், விளையாட்டுக் கோட்டாவில் எடுத்துக்கொள்வதாக வீடு தேடி வந்து சொன்னார்.

"சம்ஸ்கிருத ஆனர்ஸ்ல இடம் காலியா இருக்கு. முதல் வருஷம் அங்க உட்காரட்டும். ரெண்டாம் வருஷம் பி.காமுக்கு மாத்திடறேன். இது என் வாக்கு," என்றார் இந்தியில்.

வள்ளி தமிழ்ப் பள்ளியில் படித்தவள். சம்ஸ்கிருதத்தில் ஓர் எழுத்தும் படித்ததில்லை.

அன்று அருக்காணி இட்லி சுட்டு வைத்தாள். சௌத்ரி நன்றாகச் சாப்பிட்டார். அவர் போனதும் நான் பாலசுப்ரமணியத்திடம் சொன்னேன், "மாப்ள, பி.காம் சமாச்சாரத்த காலேஜ்ல எழுதி வாங்கிருங்க."

"என்ன மச்சான் பேசறீங்க? நம்மூட்டுல கை நனைச்ச மனுசங்கிட்டப் போயி எழுதிக் குடுன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

எங்கள் பக்கத்தில் சம்மதம் இல்லாத வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கூட, இடம் பிடிக்கவில்லையென்றால் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். சாப்பிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. பாலசுப்ரமணியம் அதை நம்பினார். சௌத்ரிக்கு அது வெறும் இட்லி.

வள்ளி சேர்ந்த முதல் வருஷமே கல்லூரிகளுக்கிடையிலான கோப்பை வந்தது. பிரின்சிபல் அம்மாள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். வள்ளி காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போவாள், பகலில் ஜிம், மாலையில் மறுபடி மைதானம். நடுவில் ரோதக்கில் கேம்ப், ஹிசாரில் மேட்ச். வகுப்புக்குப் போன நாளில் கடைசி பெஞ்சில் தூங்கினாள்.

பாடம் நடத்திய அம்மாள் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உனக்கு இங்க இடம் குடுக்கக் கூடாதுன்னு சொன்னது நான்தான். கோபம் உன் மேல இல்ல. படிக்கவே விடாம வெக்கறதுக்கு எதுக்கு உனக்கு ஒரு இடம்? மத்தியானம் வா, எழுத்துலேர்ந்து சொல்லித் தரேன்."

வள்ளி கோச்சிடம் கேட்டாள். மத்தியானம் ஜிம், வேறு பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டார்.

வருஷக் கடைசியில் இரண்டு பேப்பர் போனது. பி.காமுக்கு மாற்றக் கேட்டதற்குப் பிரின்சிபல் அம்மாள், "இந்த மார்க்குக்கு மாத்தினா கல்லூரியோட தரம் என்ன ஆகும்?" என்றார். சம்ஸ்கிருதம் தெரியாத பெண்ணை சம்ஸ்கிருத வகுப்பில் சேர்த்தபோது அந்தத் தரம் எங்கே போயிருந்தது? வள்ளியோடு போய் அந்த அறை வாசலில் நின்றிருந்த எனக்கு ரத்தம் கொதித்தது.

இரண்டாம் வருஷம் அரையிறுதியில் முட்டி திரும்பிவிட்டது. டாக்டர் ஆறு மாசம் ஓடக் கூடாது என்றார். அதோடு சேர்ந்து இன்னொரு இடி. வருகை குறைவு, பரீட்சை எழுத முடியாது என்றார்கள். விளையாடப் போன நாட்களையெல்லாம் வருகையாக எடுத்துக்கொள்ள கோச் ஒரு கடிதம் தர வேண்டும். அவர் தரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன்.

"பேட்டா, அடுத்த வாரம் ஃபைனல். முட்டிக்குக் கட்டுப் போட்டு ஒரு ஊசி போட்டா ஆடிடலாம். ஆடு. மறுநாளே கடிதம் குடுக்கறேன்."

"ஆடலைன்னா, சார்?"

"ஆடாத பொண்ணுக்கு நான் எப்படிக் கடிதம் குடுக்கறது?"

"இது வரைக்கும் ஆடின நாளுக்கு?"

பாலசுப்ரமணியம் தலையைக் குனிந்துகொண்டார். அருக்காணி மெதுவாக, "ஒரு ஆட்டந்தானுங்களே கண்ணு. படிப்பு போயிருமல்லோ," என்றாள்.

"அம்மா, ஒரு ஆட்டத்துல கால் போயிடும். அப்புறம் படிப்பையும் எடுத்துப்பாங்க. இவங்களுக்கு ரெண்டும் ஃப்ரீ." வள்ளி கோச் பக்கம் திரும்பினாள். "நான் ஆட மாட்டேன் சார்."

"பிடிவாதக்காரி," என்றார் சௌத்ரி என்னிடம், நான் ஏதோ அவர் பக்கம் என்கிற மாதிரி.

"எந்திரிங்க," என்றேன். "படி பாத்து எறங்குங்க. முட்டி போயிட்டா ஒங்க காலேஜ் ஒங்களையும் வெச்சுக்காது."

அவர் போனார். கடிதம் வரவில்லை. பரீட்சை எழுத விடவில்லை. விளையாடாததால் கோட்டா இடமும் போனது. முட்டிக்கு வைத்தியம் செய்ய கல்லூரியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று செய்ததில் பாதிதான் சரியானது.

பன்னிரண்டாவது சான்றிதழைத் திரும்ப வாங்க வள்ளியோடு நானும் போனேன். கூடவே கொடுத்த விலகல் சான்றிதழில் காரணம் என்கிற இடத்தில், 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று எழுதியிருந்தார்கள். வள்ளி அதைக் கிளார்க்கிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அண்ணா, நான் விருப்பப்பட்டுப் போகல. மேட்சுக்கு அனுப்பிட்டு வருகை இல்லைன்னு நிறுத்தினீங்க. அத எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாது மேடம்."

"அப்ப பொய்யையும் எழுதாதீங்க."

காலை நீட்டிக்கொண்டு கவுன்ட்டர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வருகிற போகிற பெண்களெல்லாம் என்னவென்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொன்னாள். அடுத்த வருஷக் கோட்டாவுக்கு விசாரிக்க வந்த ஒரு தகப்பன், முழுவதையும் கேட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகுதான் பிரின்சிபல் அறையிலிருந்து ஆள் வந்தது. புதுச் சான்றிதழ் கொடுத்தார்கள். காரணம் என்கிற இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள்.

வள்ளி அஞ்சல் வழியில் பி.காம் எழுதி முடித்தாள். இரண்டாம் வகுப்பு. இப்போது சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்தில் கணக்கு எழுதுகிறாள். அந்தக் கல்லூரி இன்னமும் ஜூலை மாதம் மைதானத்தில் பெண்களை ஓடவிட்டுப் பொறுக்குகிறது. எந்தப் பாடம் என்று முதலில் கேளுங்கள். எழுதி வாங்குங்கள். வந்த கோச் உங்கள் வீட்டில் எத்தனை இட்லி சாப்பிட்டாலும் சரி.