எஞ்சினுக்குள் ஒரு கல்யாண மோதிரம்

என் கல்யாண மோதிரம் என் மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் விழுந்துவிட்டது என்று நான் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புதிதாக ஊற்றிய எஞ்சின் ஆயிலை வடித்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அந்தத் துணியை வெயிலில் விரித்துப் பிடித்துக்கொண்டு தங்கம் மின்னுகிறதா என்று பார்த்தேன். மின்னியது. அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதைச் செய்தவன் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருக்கிறவன். பழுப்பு நிலக்கரியைச் சுமந்து ஓடும் அந்தப் பெல்ட்டுக்கு அடியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உருளைகள் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நடந்து போகிற போக்கில், எந்த உருளையின் பேரிங் இந்த ஷிப்ட் தாங்கும், எது தாங்காது என்று காதாலேயே சொல்வதுதான் என் பிழைப்பு. புது கியர்பாக்ஸின் முதல் ஆயிலில் உலோகத் தூள் மின்னத்தான் செய்யும், பல்லும் பல்லும் பழகுகிற தேய்மானம் அது, பயப்பட ஒன்றுமில்லை என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். சொந்த வண்டி என்று வந்ததும் அந்த வாத்தியார் லீவு போட்டுவிட்டார். தவிர, மஞ்சள் நிற ஆயிலில் எது மின்னினாலும் தங்கமாகத்தான் தெரிகிறது.

வண்டி பழசு. கல்யாணமான புதிதில் வாங்கியது. புகை கக்க ஆரம்பித்துப் பல வருஷம் குவார்ட்டர்ஸ் வாசலில் கொடிக்கயிறு கட்ட மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் கொடுக்காமல் நானே பிரித்து, நானே கட்டுகிறேன் என்று ஒரு நாள் அறிவித்தேன். எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டில் அறிவித்தால் எல்லா வீட்டிலும் அறிவித்த மாதிரி. மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், போனிலேயே சிரித்தார்.

"மாப்ள, பெல்ட்டு பாக்கறவன் பெல்ட்ட பாக்கணும். எஞ்சின பிரிச்சா அப்பறம் சாக்குலதான் அள்ளிக்கினு போவணும்."

"உன் பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு இதே வண்டியிலதான் உன் தங்கச்சிய ஏத்திக்கினு வரப்போறேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் என்னுடையது, அதைப் பிடித்து வைக்கிற வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. பக்கத்தில் இருந்த மனைவி கேட்டுக்கொண்டே காய் நறுக்கினாள்.

"சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றாள். "நிச்சயதார்த்தத்து ஞாயித்துக்கெழம நான் பஸ்ஸுல போற மாதிரி ஆச்சுன்னா, திங்கக்கெழம இந்த வண்டி காயலான் கடைக்குப் போவும். நான் கொடிக்கயிற செவுத்துல ஆணி அடிச்சிக் கட்டிக்கறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என்னைப் போல அவளுக்கு விளையாட்டுப் பேச்சு வராது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வேலையை நான் நன்றாகவே செய்தேன், இதில் அடக்கம் காட்ட எனக்கு விருப்பமில்லை. சிலிண்டரை லேத்தில் கொடுத்துக் குடைந்து வாங்கினேன். புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங். ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்த இடம் குறித்து, டப்பா டப்பாவாகப் பிரித்து வைத்தேன். சிலிண்டருக்கு வெளியே, காற்று பட்டுச் சூடு ஆறுவதற்காக இட்லித் தட்டு அடுக்கினது போல வரிசையாகச் செட்டைகள் இருக்குமே, அதன் இடுக்கில் பல வருஷத்துச் சேறும் கரித்தூளும் அடைத்திருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நோண்டி எடுத்துக் குப்பையில் போட்டு, வெள்ளி நிறப் பெயின்ட் அடித்தேன். கடையில் வைத்துப் படம் எடுக்கலாம் போல ஆனது.

புதன்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து வந்து கிளப்பினேன். இரண்டாவது உதையில் பற்றிக்கொண்டது. புகை இல்லை. பிளாக்கே வாசலுக்கு வந்தது. ஒரு ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்து மெயின் ரோடு வரை போனேன். வேகம் கொஞ்சம் ஏறியதும், எஞ்சினிலிருந்து 'ங்ணீங்' என்று ஒரு சத்தம். வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். ஏற்றினால் மறுபடி பாடும். வெண்கலக் கிண்ணத்தைச் சுண்டிவிட்ட மாதிரி, சுத்தமான உலோகச் சத்தம்.

திரும்பி வந்து இறங்கும்போதுதான் இடது கையைப் பார்த்தேன். மோதிரம் இல்லை.

பெல்ட்டில் வேலை செய்கிறவன் மோதிரமோ வாட்சோ போட்டுக்கொண்டு போகக் கூடாது. சிக்கினால் விரல் அதோடு போய்விடும். அதனால் ஸ்பானரைத் தொட்டாலே மோதிரத்தைக் கழற்றுவது எனக்கு மூச்சு விடுவது போல. எங்கே கழற்றி வைக்கிறேன் என்று மனசுக்குச் சொல்வதே இல்லை. சுரங்கத்தில் டிபன் பாக்ஸுக்குள் போட்டுவிடுவேன். வீட்டில்? எஞ்சினைக் கட்டும்போது அது திறந்து கிடந்தது, மோதிரம் காணோம், இப்போது உள்ளே உலோகம் கிண்கிணி வாசிக்கிறது. இரண்டையும் இரண்டையும் கூட்டி ஏழு என்று முடிவு கட்டினேன்.

அந்த மோதிரத்தைக் கல்யாணத்தன்று எனக்குப் போட்டுவிட்டவர் மேல்பட்டாம்பாக்கத்து மச்சான். ஞாயிற்றுக்கிழமை வாசலில் கையைப் பிடித்து வரவேற்கப் போகிறவரும் அவரேதான்.

எதிர் குவார்ட்டர்ஸில் இருக்கும் திருநெல்வேலிக்காரர் என் ஷிப்ட்தான், வயதில் சின்னவர். ஆயில் வடிகட்டுகிற கோலத்தில் என்னைப் பார்த்துவிட்டார். வேறு வழியில்லாமல் ரகசியத்தைச் சொன்னேன்.

"எண்ணே, மோதிரம் உள்ள கெடந்தா வண்டி ரெண்டு சுத்து சுத்துமா? அப்பவே இறுகிப் பிடிச்சிருக்கும்லா."

"ஒருவேளை அரைச்சிப் பொடியாக்கியிருந்தா?"

அவர் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பேரிங் சத்தம் கேட்டுச் சொல்லுததுல ஒங்கள மாதிரி ஆளு இல்லன்னு மைன்ஸே சொல்லுது. இங்க வந்து சல்லட போட்டுத் தங்கம் தேடுதிய. ஸ்க்ரூ டிரைவர எடுத்து வச்சுக் கேளுங்கண்ணே."

அது புத்தி உள்ள பேச்சு. வடித்த ஆயிலைக் கழித்துப் புதிதாக ஊற்றிக் கிளப்பினேன். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தேன். சுரங்கத்தில் எந்த மெஷினையும் நாங்கள் கேட்கிற முறை இதுதான். கிராங்க் பக்கம் கேட்டேன், பேரிங் பால் போல ஓடியது. கிளட்ச் பக்கம் சுத்தம். மேலே வால்வுகள் தையல் மெஷின் மாதிரி சீராகத் தட்டின. அவர் ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க நான் ஒவ்வொரு இடமாகக் கேட்டேன். உள்ளே ஒரு குறையும் இல்லை. ஆனால் காதிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் 'ங்ணீங்'.

"உள்ள இல்லண்ணே" என்றார் அவர்.

"அப்ப எங்கதான் இருக்கு?"

சுத்தியலின் மரக் கைப்பிடியால் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தேன். செட்டைகளின் மேல் அழுத்தியபோது, மணியைக் கையால் பிடித்த மாதிரி சத்தம் சட்டென்று நின்றது. எடுத்தேன், பாடியது. அழுத்தினேன், நின்றது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் ஊமையாக இருந்த செட்டைகள் இப்போது ஏன் பாடுகின்றன என்பது மட்டும் தெரியவில்லை. சுத்தியலைப் பிடித்துக்கொண்டே மேல்பட்டாம்பாக்கம் வரை ஓட்ட முடியாது.

சனிக்கிழமை காலை காப்பியோடு உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே மனைவி சட்னிக்கு அரைத்தாள். என்னவோ குறைந்தது. என் வேலையில், புதிதாகக் கேட்கிற சத்தம் பாதிதான். வழக்கமாகக் கேட்கிறது கேட்காமல் போனால் அதைக் கவனிப்பது மீதிப் பாதி. எங்கள் வீட்டு மிக்சி கடகடவென்று ஆடிக்கொண்டு மேடை மேல் நடக்கும். ஒரு கையால் அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் அரைப்பாள். இன்று அது சத்தம் போடாமல் நின்ற இடத்தில் நின்று அரைத்தது.

உள்ளே போனேன். "மிக்சிக்கு என்ன பண்ணுன?"

"அடியில ரப்பர் வெச்சன்."

"எந்த ரப்பர்?"

"வண்டியில இருந்து நோண்டி நோண்டிக் குப்பையில போட்டீங்களே. கழுவுனா நல்ல ரப்பரு. நாலு காலுக்கும் சரியா இருந்துச்சி."

மிக்சியைத் தூக்கினேன். நாலு காலுக்கு அடியிலும் நாலு கறுப்புத் துண்டுகள். சேறு போய்விட்டதால் இப்போது அவற்றின் உருவம் தெரிந்தது. இரண்டு செட்டைகளுக்கு நடுவே செருகிக்கொள்ள அளவெடுத்துச் செய்தவை. வண்டி செய்தவன் செட்டைகள் அதிராமல் இருப்பதற்காக வைத்ததை, எவனோ டயரை வெட்டிச் சொருகியிருக்கிறான் என்று வைதுகொண்டே நான் பிடுங்கிப் போட்டிருந்தேன்.

நாலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பின்னாலேயே குரல் வந்தது: "என் சட்னி பாதியில நிக்கிது."

இடத்தில் வைத்து அழுத்தினேன், கச்சிதமாக உட்கார்ந்தன. கிளப்பி மெயின் ரோடு வரை போய், முறுக்கி, குறைத்து, மறுபடி முறுக்கினேன். எஞ்சின் சத்தம் மட்டும் வந்தது. நான் கட்டிய எஞ்சினின் சத்தம். எதிர் குவார்ட்டர்ஸ்காரர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "பேரு கெடல" என்று ரெண்டே வார்த்தையில் சான்றிதழ் கொடுத்தார். அதை இன்னும் பெரிதாகச் சொல்லியிருக்கலாம்.

பிறகு அடுப்படிக்குப் போய்த் தொண்டையைக் கனைத்தேன். மோதிரம் காணாமல் போனதை மனைவியிடம் சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னேன். அவள் தாலிக்கொடியை வெளியே இழுத்தாள். அதில் மாட்டியிருந்த ஊக்கில், என் மோதிரம்.

"கொழாயடியில சோப்பு டப்பாவுல கெடந்துச்சி. கேப்பீங்கன்னு பாத்தன். ஆயில வடிகட்ட ஆரம்பிச்சதும், சரி, எதுவரைக்கும் போவுதுன்னு பாக்கலாம்னு வுட்டுட்டன்."

"சோறு இறங்காம கெடந்தனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல."

"ராத்திரிக்கு ரெண்டு பங்கா சாப்பிட்டீங்களே."

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேல்பட்டாம்பாக்கம் போனேன். மச்சான் என் கையைப் பிடித்து மோதிரத்தைப் பார்க்கவே இல்லை. வண்டிப் பக்கம் குனிந்து, ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார். "நல்லாத்தான் கீது" என்று நிமிர்ந்து போய்ப் பந்தியைக் கவனித்தார். நான் சாவியைச் சுழற்றிக்கொண்டே கூட்டத்துக்குள் தேவையில்லாமல் ரெண்டு தரம் நடந்தேன்.

எஞ்சினுக்குள் இருக்க வேண்டியதெல்லாம் உள்ளே சரியாக இருந்தது. வெளியே இருக்க வேண்டிய நாலு ரப்பர் துண்டுகளை நான் குப்பையில் போட்டிருந்தேன், அவள் எடுத்து மிக்சிக்கு அடியில் வைத்திருந்தாள்.