ஈயம் வைத்து அடைத்த பதக்கம்

என் மனைவி வினோலியாவிடம் ஜெர்மன் ராணுவப் பதக்கங்களைப் பற்றி மட்டும் வாய் கொடுக்கக் கூடாது. திண்டுக்கல்லில் பூட்டுக்கடை நடத்துகிறவளுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்காதீர்கள், கட்டியவனுக்கே தெரியாது. சென்னையிலிருந்தெல்லாம் போட்டோ அனுப்பிக் கேட்பார்கள். சாவியை அராவிக்கொண்டே பார்த்துவிட்டு, "டூப்பு" என்பாள். "பழசுன்னா சட்டையில உரசுற மேடு தேஞ்சிருக்கும், இடுக்குல கறுப்பு நிக்கும். இதுல எல்லாமே ஒரே கறுப்பு. வேணும்னே வாட்டி எடுத்திருக்கான்." அப்படி வந்ததில் அவள் சொல்லி ஒன்றும் தப்பாய்ப் போனதில்லை. அந்தத் தெனாவட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் வீட்டிலேயே ஒன்று இருந்தது. என் தாத்தா பிரான்சிஸ் பூட்டுத் தொழிலாளி. இரண்டாம் உலகப்போரில் ஆப்பிரிக்காவுக்குப் போய், நாற்பத்தைந்தில் ஊர் திரும்பியவர். தண்ணீர் கொடுத்ததற்காக ஒரு ஜெர்மன் கைதி தன் பதக்கத்தைக் கழற்றித் தந்தானாம். காயம்பட்ட சிப்பாய்க்குக் கொடுப்பது அது, நடுவில் ஹெல்மெட் இருக்கும். தாத்தா படத்தோடு சேர்த்துச் சட்டம் போட்டிருந்தார்கள். மங்கிய கண்ணாடிக்குள் ஒரு கறுப்பு வட்டம்தான் தெரியும். அப்பா ஞானராஜ் வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்வார்.

போன கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்தபோது, கரையான் அரித்த சட்டம் உதிர்ந்து, பதக்கம் வினோலியாவின் கைக்கு வந்தது. பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"என்னான்னு சொல்லுத்தா" என்றார் அப்பா.

"மாமா, போர் சமயத்துல இந்த ஹெல்மெட் மேல ஸ்வஸ்திகா புடைச்சுக்கிட்டு இருக்கும். ஐம்பத்தேழுலதான் அதை எடுத்துட்டுப் புதுசா அடிச்சாங்க. இதுல இல்ல."

"அப்ப எங்கப்பா சொன்னது பொய்யா?"

அப்பா சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"வயசான மனுசன்கிட்ட இதச் சொல்லித்தான் ஆகணுமா?"

"கேட்டாரே. மாமாவுக்காக ஒரு பொய் சொன்னா, அப்பறம் என் பேச்சுக்கு என்ன மதிப்பு?"

மறுநாள் கடையில் அதைத் திருப்பிப் பார்த்தாள். ஹெல்மெட்டுக்குப் பின்னால் ஈயம் அடைத்திருந்தது. அச்சில் அடித்த தகட்டுக்கு ஈயம் எதற்கு? முன்பக்கம் லென்ஸை வைத்தாள். சாய்வாகச் சன்னக் கோடுகள். அரம் போட்ட தடம் அவளுக்குத் தெரியாதா? சால்டரிங் இரும்பைச் சூடாக்கி ஈயத்தை உருக்கி எடுத்தாள். ஹெல்மெட்டில் ஓட்டை தெரிந்தது. அது ஸ்வஸ்திகா வடிவில் இருந்தது.

கடையைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு வந்தாள். "தப்பு என்னோடதுதான் மாமா. தாத்தா அந்தக் குறியை அராவியிருக்காரு. தகடு ஓட்டையானதும் ஈயத்த வச்சு அடைச்சிருக்காரு. இது அசல்."

அப்பா அழுதுவிட்டார். ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

"தண்ணி வாங்கிக் குடிச்சவன் ஞாபகம் வேணும், அந்தக் குறி வேணாம்னு நெனச்சிருக்காரு. மூடிருத்தா."

"மூடுனா பாக்குறவன் டூப்பும்பான் மாமா. இந்த ஓட்டைதான் சாட்சியே."

"உனக்குத் தெரிஞ்சுபோச்சு, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்கப்பா வேணாம்னு மூடுனத நான் தொறந்து வைக்கவா?"

வினோலியா மறுபடி கடைக்குப் போய் ஈயம் வைத்து அடைத்து, மேலே தாத்தா அராவிய அதே சாய்வில் அராவிக் கறுப்பு ஏற்றினாள். படமும் பதக்கமும் புதுக் கண்ணாடி, புதுச் சட்டத்தோடு பழைய இடத்துக்குப் போயின.

போன வாரம் பதக்கம் சேர்க்கிற ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். சுவரைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன மேடம், உங்க வீட்டுலயே ஐம்பத்தேழு மாடலா?"

அப்பா வினோலியாவைப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றாள். "காபி ஆறுது, குடிங்க."