பதினோரு மஞ்சள் சட்டை

ஒரு காலத்தில் எங்கள் வீட்டுத் துணிகளெல்லாம் லேசான மஞ்சளாகத்தான் இருந்தன. அம்மாவின் உள்பாவாடை, தலையணை உறை, எங்கள் மூன்று பேருடைய பள்ளிக்கூடச் சட்டை என்று எதுவும் தப்பவில்லை. காரணம் அப்பாவின் பந்தாட்டச் சட்டை. தெரு அணிக்கு ஓர் அரிசிக் கடைக்காரர் இலவசமாகத் தைத்துக் கொடுத்தது. முதுகில் கடையின் பெயர் பெரிதாக இருக்கும். கோல்கீப்பருக்கு வேறு நிறம் வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, பதினோரு பேருக்கும் ஒரே மஞ்சள். துவைக்கும்போதெல்லாம் சாயம் போகும். அம்மா முணுமுணுத்தால், தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார் அப்பா.

அப்பாதான் அந்த அணியின் கோல்கீப்பர். வாரத்தில் ஆறு நாள் சேதராப்பட்டில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் ஆட்டம். அவர் நிற்கும் கோலுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடியது. அவரைத் தாண்டும் பந்தெல்லாம் நேராக அதில்தான் போய் விழும். இறங்கி எடுத்து வருவது என் வேலை. அக்காவுக்கு வாய்க்கால் நாற்றம் ஆகாது, தங்கைக்கு வயது போதாது, ஆகவே நடுவில் பிறந்த எனக்கு அந்தப் பதவி வந்து சேர்ந்தது. அப்பா நல்ல கோல்கீப்பர் என்று சொல்ல முடியாது. அதனால் எனக்கு வேலைக்குக் குறைவே இருந்ததில்லை.

நடுவில் பிறந்தவளுக்கு இன்னொரு பதவியும் காத்திருந்தது. அம்மாவின் அண்ணன், என் மாமா, பிரான்சில் இருந்தார். படித்துப் பட்டம் வாங்கிப் போனவர் இல்லை. மில் வேலை போய்ச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவருக்கு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா குடும்பத்தில் பெண் அமைந்தது. பெண்ணுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுத்தால், பெண் கழுத்தில் தாலி ஏறிய கையோடு மாப்பிள்ளை விமானம் ஏறுவார் என்று கேலி பேசுவார்கள். மாமாவும் ஏறினார். அங்கே அவருக்கு ஒரு பெரிய கிடங்கில் வேலை, அத்தைக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. அவர்களிடம் எல்லாம் இருந்தது, பிள்ளை மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் பிள்ளைகள் மட்டும்தான் இருந்தோம்.

நடுவில் உள்ளதை அவர்களுக்குக் கொடுத்துவிடுவது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். கோடை விடுமுறைக்குப் போவது போலப் போக வேண்டியது. மனசு ஒட்டிவிட்டால் அங்கேயே பள்ளியில் சேர்ந்து அவர்கள் மகளாக வளர வேண்டியது. சொந்த மாமன் வீடுதானே, கிணற்றுத் தண்ணீரை ஆற்று வெள்ளமா கொண்டு போய்விடும் என்று அம்மா எல்லோருக்கும் சமாதானம் சொன்னாளாம். இந்த ஏற்பாடு தெரியாத ஒரே ஆள் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மே மாதக் கடைசியில் போய் இறங்கினேன். மாமாவும் அத்தையும் என்னைத் தரையில் விடவில்லை. அத்தை தினமும் எண்ணெய் வைத்துத் தலை பின்னினாள். எனக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்று அம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டு வைத்தாள். அரிசி மூட்டை போட்டிருந்த சின்ன அறையைக் காலி செய்து எனக்குக் கட்டில் போட்டார்கள். இரண்டு வாரம் ராணி மாதிரி இருந்தேன். மூன்றாவது வாரம் வீட்டு ஞாபகம் வந்தது. வந்தது போகவில்லை. வாய்க்கால் நாற்றத்துக்குக்கூட ஏங்கினேன் என்றால் நம்பமாட்டீர்கள்.

போனில் அம்மாவிடம் எப்போது பள்ளிக்கூடம் திறக்கும் என்று கேட்பேன். வெயிலுக்குப் பயந்து அரசாங்கம் பள்ளி திறப்பைத் தள்ளிவைப்பது எங்கள் ஊரில் சகஜம். அந்த வருஷமும் தள்ளிவைத்துவிட்டதாக அம்மா சொன்னாள். பிறகு இன்னொரு முறை தள்ளிவைத்தார்கள். ஜூலையிலும் தள்ளிவைத்தார்கள். புதுச்சேரியில் அப்படி என்ன வெயில் கொளுத்துகிறதோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. அப்பாவிடம் கொடு என்றால், அப்பா ஆட்டத்துக்குப் போயிருக்கிறார் என்பாள். எந்தக் கிழமை கூப்பிட்டாலும் அப்பா ஆட்டத்துக்குத்தான் போயிருந்தார். நான் இல்லாமல் பந்தை யார் எடுக்கிறார்கள் என்பது அடுத்த கவலை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமா என்னைப் பெரிய ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனார். அந்த நகரத்துக்கென்று ஓர் அணி உண்டு. சம்பளம் வாங்கி ஆடுகிறவர்கள், சிவப்புச் சட்டை. மாமா பத்து வருஷமாக அந்த அணிக்குப் பக்தர். கார்த்திகைக்கு மாலை போட்டவர்கூட அவ்வளவு சுத்தமாக இருக்கமாட்டார். ஆட்டம் இருக்கும் நாளில் வேறு நிறத்தில் கைக்குட்டைகூட வைத்துக்கொள்ளமாட்டார். எனக்கும் ஒரு சிவப்பு ஸ்கார்ஃப் வாங்கிக் கழுத்தில் சுற்றிவிட்டார். அத்தை தலைவலி என்று வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

வாசலில் எல்லோருடைய பைகளையும் சோதித்தார்கள். என் தண்ணீர் பாட்டிலை வாங்கிய காவலாள் மூடியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். மூடியோடு வீசினால் ஆளுக்கு அடிபடுமாம். எங்கள் ஊரில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், அங்கே வீசுவதற்குக் கல்லே கிடைக்கும். மாமா அந்தப் பாட்டிலின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பிடித்தபடியே படி ஏறினார்.

எங்கள் இருக்கைகள் நல்ல இடத்தில் இருந்தன. மாமாவுக்கு அடுத்து நான், எனக்கு அடுத்து ஒரு தாத்தா. மாமா அவரை மரியாதையாக முசியே என்று கூப்பிட்டு நெடுநாள் பழக்கம்போலக் கை குலுக்கினார். தாத்தா என்னைக் காட்டி ஏதோ கேட்டார். பதில் சொன்னபோது மாமாவின் முகம் எங்கள் வீட்டுத் தீபாவளிபோல இருந்தது. தாத்தா என் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு அணிகள் வந்தன. சிவப்புச் சட்டைகள் ஓடி வந்தபோது கூரை பறந்துவிடும்போலச் சத்தம். அவர்களுக்குப் பின்னால் வந்த எதிரணியைப் பார்த்து நான் இருக்கை மேலேயே ஏறி நின்றுவிட்டேன். மஞ்சள். அப்பாவின் சட்டை. கோல்கீப்பரைத் தவிர எல்லோரும் அதே மஞ்சளில், பத்து அப்பா.

"மாமா! நம்ம டீமு!"

"நம்ம டீமு செவப்பு பாப்பா. கழுத்துல பாரு."

"இல்ல மாமா, நம்மது மஞ்சளு."

ஊரோடு ஒத்து வாழ் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அன்றைக்கு அது எனக்கு ஞாபகம் வரவில்லை. மஞ்சள் அணிக்காகக் கத்த வந்தவர்கள் எங்கேயோ ஒரு மூலையில், வலை கட்டிய தடுப்புக்குள் இருந்தார்கள். சிவப்புக் கூட்டத்தின் நட்டநடுவில், சிவப்பு ஸ்கார்ஃப் சுற்றிக்கொண்டு, நான் உப்பளத்தில் கத்துவதுபோலக் கத்தினேன். தூக்கி அடி, ஓட்டு, விடாதே, எல்லாம் தமிழில்தான். ஆனால் எந்தப் பக்கத்துக்குக் கத்துகிறேன் என்பது யாருக்கும் புரியாமல் இல்லை. முன்வரிசையில் ஒருவர் திரும்பி மாமாவை முறைத்தார். மாமா என் தோளை மெல்ல அழுத்திப் பார்த்தார். நான் உட்காரவில்லை.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மஞ்சள் அணி கோல் போட்டது. கரண்ட் போன மாதிரி மைதானமே அடங்கிப்போனது. அந்த அமைதியில் என் குரல் ஒன்றுதான் எங்கள் பக்கத்தில் கேட்டது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் காது மடல் சிவந்திருந்தது. பத்து வருஷப் பக்தருக்கு இப்படி ஒரு சோதனை.

இடைவேளையில் எனக்கு உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக் கொடுத்தார். நான் பாதி தின்னும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"பாப்பா, இந்த ஊரு உனக்குப் புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு மாமா."

"மாமா ஊட்டுலயே இருந்துடறியா? இங்கயே படிக்கலாம். அத்த பாத்துக்குவா."

அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அவர் அத்தனை வாரமும் தைரியம் சேர்த்திருக்கிறார். அதைக் கேட்கத்தான் அந்த ஆட்டம், அந்த ஸ்கார்ஃப், அந்த வறுவல் எல்லாம். எனக்கு அது தெரியாது. வறுவலை மென்றுகொண்டே, இதுகூடத் தெரியாதா என்பதுபோல் சொன்னேன்.

"இல்ல மாமா, ஸ்கூலு தொறந்துடும். அப்பாவுக்குப் பந்து எடுத்தார வேற ஆளு கெடையாது. நான் போவலன்னா வாய்க்கால்லயே கெடக்கும்."

மாமா காலி மைதானத்தைப் பார்த்தார். என் உதட்டு ஓரத்தில் இருந்த உப்பைத் துடைத்துவிட்டார். பிறகு தன் கழுத்திலிருந்த சிவப்பு ஸ்கார்ஃபைக் கழற்றி, நாலாக மடித்து, பைக்குள் வைத்தார். என் கழுத்தில் இருந்ததையும் கழற்றி அதன் மேல் வைத்தார்.

இரண்டாவது பாதியில் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் பந்தோடு ஓடியபோது என் பக்கத்தில் ஒரு குரல் வெடித்தது.

"தூக்கி அட்றா! பாத்துக்குனு நிக்கிறான் பாரு!"

மாமாதான். எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். முன்வரிசைக்காரர் வாயைப் பிளந்தார். பக்கத்துத் தாத்தா முதலில் திகைத்து, பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் உட்காரவே இல்லை. இருபத்தைந்தாயிரம் பேரா, முப்பதாயிரம் பேரா தெரியாது, அத்தனை பேருக்கும் எதிராக ஒரு மாமாவும் ஒரு மருமகளும். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் குறைவு.

ஆனால் மஞ்சள் அணி தோற்றது. கடைசி நிமிஷங்களில் சிவப்பு அணி அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டுவிட்டது. எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். தன் அணி ஜெயித்த அன்று துக்கம் கொண்டாடிய ஒரே மனிதர் என் மாமாவாகத்தான் இருப்பார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மஞ்சள் தோற்றதற்காக என்றுதான் நினைத்தேன்.

"அழாத. அடுத்த தபா ஜெயிப்பாங்க."

"அடுத்த தபா எப்ப மாமா?"

தாத்தா எழுந்து, என் இருக்கையைத் தட்டிக் காட்டி, விரலை மடக்கி நாள் எண்ணுவதுபோல ஏதோ சொன்னார். மாமா இல்லை என்று தலையாட்டினார். தாத்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன சொல்கிறார் என்று கேட்டேன். பத்திரமாக ஊருக்குப் போய் வரச் சொல்கிறார் என்றார் மாமா.

வீட்டுக்குள் நுழையும்போதே பெயிண்ட் வாசனை. தலைவலிக்காரி அத்தை என் அறையில், கையில் பிரஷ்ஷோடு, நெற்றியெல்லாம் ரோஸ் நிறப் புள்ளியோடு நின்றாள். ஒரு சுவர் முடிந்து அடுத்த சுவரில் பாதி வரை வந்திருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். மாமா அவளிடம் பிரெஞ்சில் மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னார். அவள் குனிந்து பெயிண்ட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். இவ்வளவு அழகான நிறத்தை ஏன் பாதியில் நிறுத்திவிட்டாள் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்த வாரமே தெரிந்த ஒரு குடும்பத்தோடு என்னை அனுப்பி வைத்தார்கள். சென்னை விமான நிலையத்தில் அப்பா மஞ்சள் சட்டையிலேயே வந்து நின்றார். என்னைத் தூக்கியவர் காருக்குப் போகும் வரை இறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனால் வகுப்பில் காலாண்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் வாய்க்காலில் இறங்கிவிட்டேன்.

போன வருஷம் என் கல்யாணத்துக்கு மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். ஏற்பாடு பற்றியெல்லாம் அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாத ஒன்றை, கல்யாணம் முடிந்து என் தலைப் பூவைக் கழற்றிவிடும்போது, அத்தை சொன்னாள். மாமா அங்கே ஒவ்வொரு வருஷமும் மொத்த வருஷத்து ஆட்டங்களுக்கும் சேர்த்து ஓர் இருக்கையை வாங்கிவிடுவாராம். நான் அங்கே இருந்த வருஷம் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாங்கியிருந்தார். நான் ஊர் திரும்பிய பிறகும் யாரையும் அந்த இடத்துக்குக் கூட்டிப்போகவில்லை. குளிர் வந்ததும் கோட்டைக் கழற்றி அதன் மேல் போட்டுவைத்தார்.

"பக்கத்துல ஒரு முசியே இருப்பாராம். ஒவ்வொரு தபாவும் கேப்பாராம், சின்னப் பொண்ணு வரலியான்னு. உங்க மாமா சொல்லுமாம், பந்து எடுத்தாரப் போயிருக்கா, வந்துடுவான்னு."

அத்தை பூவைக் கழற்றுவதை நிறுத்தவில்லை. நான் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று ஆட்டம் முடிந்து எழுந்து வந்தபோது நான் அந்த இருக்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அது கொஞ்ச நேரம் உட்கார்ந்த இடம், அவ்வளவுதான்.